எத்தியோப்பிய இசைத்தட்டுகளை மறுபதிப்பு செய்பவர்களுக்கு: வாசித்தவர் பெயரையும் போடுங்கள்

அறுபது, எழுபதுகளின் எத்தியோப்பிய ஜாஸ், சோல் பாட்டுகளை மறுபடி வினைலில் கொண்டுவரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஃபிரான்சிஸ் ஃபல்செட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் எத்தியோப்பியப் பாடகர் மஹ்மூத் அஹ்மதின் ஒரு தட்டைக் கேட்டு மயங்கி, அடிஸ் அபாபாவுக்கே போய்த் தேடி, 1990-களின் கடைசியில் 'எத்தியோப்பிக்ஸ்' என்ற மறுபதிப்புத் தொடரை ஆரம்பிக்காமல் இருந்திருந்தால், வெளியுலகில் எங்களைப் போன்ற பலருக்கு இந்த இசை காதில் விழுந்தே இருக்காது. 2005-ல் அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷின் 'ப்ரோக்கன் ஃப்ளவர்ஸ்' படத்தில் எத்தியோப்பிய ஜாஸ் கலைஞர் முலாட்டு அஸ்டாட்கேயின் இசை வந்த பிறகு கேட்பவர்கள் பெருகினார்கள், நீங்களும் பெருகினீர்கள். நல்லதுதான்.

ஆனால் சமீபத்தில் நான் வாங்கிய ஒரு மறுபதிப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கனமான தட்டு, பளபளப்பான அட்டை, கப்பல் செலவோடு சேர்த்தால் ஒரு மாத மளிகைக் காசு. பின்பக்கம் திருப்பினால் பாட்டுகளின் பெயரும் பாடகர் பெயரும், அவ்வளவுதான். சாக்ஸபோன் யார், ஆர்கன் யார், இசைக்கோர்ப்பு யார், ஒன்றும் இல்லை. ஊசியை வைத்ததும் தேய்ந்துபோன பழைய தட்டிலிருந்து எடுத்தது என்று தெரிந்துவிட்டது, உச்ச சுரங்களெல்லாம் கரகரக்கின்றன. மாஸ்டர் டேப் (முதல் ஒலிப்பதிவு நாடா) கிடைக்காமல் போவது எனக்குப் புரியும், பழைய தட்டிலிருந்து எடுப்பது குற்றமே இல்லை, அதை அட்டையில் ஒரு வரி எழுதாமல் விட்டதுதான் தப்பு.

பாடகர் பெயர் மட்டும் போதும் என்று நினைக்கிறீர்களா? இந்த இசை உருவான விதமே வேறு. 1924-ல் எருசலேமிலிருந்து நாற்பது ஆர்மீனிய அனாதைப் பையன்களை வாத்தியக் குழுவாக அடிஸுக்கு அழைத்துவந்தார்கள், கெவோர்க் நல்பந்தியான் அவர்களுக்குத் தலைமை. பின்னால் அவருடைய உறவினர் நெர்செஸ் பல குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பேரரசரின் மெய்க்காவல் படை, போலீஸ், ராணுவம் என்று ஆளுக்கொரு வாத்தியக் குழு இருந்தது, வாசித்தவர்கள் சீருடை போட்ட அரசு ஊழியர்கள். குழுவின் பெயர் வெளியே தெரிந்தது, உள்ளே ட்ரம்பெட் ஊதிய மனிதர் தெரியவில்லை. அன்று விட்டுப்போனதை ஐம்பது வருடம் கழித்து நீங்களும் விடலாமா?

அப்புறம் அம்ஹா எஷெட்டே. தட்டு வெளியிடும் உரிமை அரசு சார்ந்த ஒரே அமைப்பிடம் இருந்த காலத்தில், 1969-ல், அதை மீறிச் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். முதல் தட்டு பாடகர் அலெமாயெஹு எஷெட்டேயுடையது. (இருவரும் உறவில்லை, எத்தியோப்பியர்களின் இரண்டாவது பெயர் அப்பா பெயர், நம் இனிஷியல் மாதிரி. அதைக் குடும்பப் பெயராக நினைத்து அட்டவணை போடுவதையும் நிறுத்துங்கள்.) 1975 வரை நூற்றுக்கு மேல் சின்னத் தட்டுகள், ஒரு டஜன் பெரிய தட்டுகள். 1974-ல் ராணுவத்தின் தெர்க் ஆட்சி வந்து, ஊரடங்கில் இரவு கிளப்புகள் ஓய்ந்து, கடைசியில் அவர் அமெரிக்கா போக வேண்டியதாயிற்று. இன்று நீங்கள் விற்பதில் பாதிக்கு மூலம் அந்த மனிதர் எடுத்த துணிச்சல். அவர் பெயரையே சிறிய எழுத்தில்கூடப் போடாத பதிப்புகள் இருக்கின்றன என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

கிர்மா பெயெனேயை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகராக அவர் பதிவு செய்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஆனால் அந்தக் காலத்துப் பாட்டுகள் எத்தனையோ அவர் கோர்த்தவை. 'தெஸிதா' என்ற எத்தியோப்பிய ராகத்தின் மேஜர் வடிவம் நம் மோகனத்தின் அதே ஐந்து சுரங்கள்தான், கேட்டால் உடனே பிடித்துவிடுவீர்கள், ஆனால் அதன் அடியில் அந்த பேஸும் பித்தளை வாத்தியங்களும் போகிற போக்கு மோகனத்தில் நாம் கேட்டதே இல்லை. அதை யோசித்தது பாடகர் அல்ல, கிர்மா போன்றவர்கள். 1981-ல் வாலியாஸ் என்ற இசைக்குழுவோடு அமெரிக்கா போனவர் அங்கேயே தங்கிப்போனார், அவர் பெயரில் முழு ஆல்பம் வந்தது 2017-ல்தான்.

ஒழுங்காகச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அதே வாலியாஸில் கீபோர்டு வாசித்த ஹைலு மெர்கியா வாஷிங்டனில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தபோது 'ஆசம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்பிரிக்கா' என்ற மறுபதிப்பு நிறுவனத்தை நடத்துபவர் அவரைத் தேடிப்பிடித்துப் போனில் பேசி, லாபத்தில் பாதிக்குப் பாதி என்று ஒப்பந்தம் போட்டு, 2013-ல் அவருடைய 1985 பதிவை வெளியிட்டார். மெர்கியா மறுபடி மேடை ஏறினார்.

ஆக நான் கேட்பது இதுதான். வாசித்த ஒவ்வொருவர் பெயரையும் தேடிப் போடுங்கள், கிடைக்காத இடத்தில் 'தெரியவில்லை' என்றாவது போடுங்கள், தெரிந்தவர் யாராவது எழுதுவார். மூலத் தட்டின் எண், ஆண்டு, எதிலிருந்து எடுத்தது, யாரிடம் உரிமை பெற்றது, பணம் யாருக்குப் போகிறது, இதெல்லாம் அட்டையிலேயே இருக்கட்டும். தள்ளிப்போடாதீர்கள். சாக்ஸபோன் மேதை கெட்டாச்சு மெகுர்யா 2016-ல் போய்விட்டார், அம்ஹாவும் அலெமாயெஹுவும் ஒரே வருடத்தில், 2021-ல். எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்று நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதை எழுதிவைத்த பதிவேடும் பெரும்பாலும் கிடையாது.

ஏற்கெனவே விற்ற பதிப்புகளுக்கும் விவரங்களைத் தனித் தாளாக அச்சடித்து வாங்கியவர்களுக்கு அனுப்பலாம். எனக்கு அனுப்பும் தபால் செலவை நானே தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தட்டுகளைத் தொடர்ந்து வாங்கும் ஒரு ரசிகன்