பயிற்சி வகுப்புக்கான பாடத் திட்டம்: சில திருத்தங்கள்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த வாரம் ஆங்கில வகுப்பு எடுக்கப்போகிறவர்கள், பாடத் திட்டத்தை முந்தைய நாள் மாலைக்குள் இங்கே போட்டுவிடுங்கள்.

இதுவரை வந்த திட்டங்களைப் பார்த்ததில், நோக்கம் என்ற இடத்தில் பலர் "யூஸ்ட் டு கற்பித்தல்" என்று எழுதியிருக்கிறீர்கள் ('யூஸ்ட் டு' என்பது முன்பு வழக்கமாகச் செய்து இப்போது செய்யாததைச் சொல்லும் ஆங்கில அமைப்பு). அது நீங்கள் செய்யப்போவது. வகுப்பு முடியும்போது மாணவரால் என்ன செய்ய முடியும் என்பதுதான் அங்கே வேண்டும். "தங்கள் பழைய பழக்கங்களைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவார்கள்" என்றால் சரி.

அப்புறம், "புரிந்ததா?" என்ற கேள்வியே வேண்டாம். எல்லோரும் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். 'ஐ யூஸ்ட் டு பிளே டென்னிஸ்' என்று பலகையில் எழுதுகிறீர்கள் என்றால், அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள். இப்போது ஆடுகிறேனா? முன்பு ஆடினேனா? ஒரு தடவையா, பல தடவையா? இந்த மூன்றையும் எளிய ஆங்கிலத்தில், எதிர்பார்க்கும் பதிலோடு திட்டத்திலேயே எழுதி வையுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு யோசித்தால் கேள்வி பாடத்தைவிடக் கடினமாகிவிடும். 'டிடின்ட்' வந்தால் பின்னால் 'யூஸ் டு'தான், 'யூஸ்ட் டு' அல்ல. மாணவர்கள் இங்கே தடுமாறுவார்கள் என்பதை திட்டத்தின் 'எதிர்பார்க்கும் சிக்கல்கள்' பகுதியில் சேருங்கள்.

45 நிமிட வகுப்பில் விளக்கத்துக்கே 25 நிமிடம் ஒதுக்கிய திட்டங்களைத் திருப்பி அனுப்புவேன். மாணவர் பேசும் நேரம்தான் அதிகம் இருக்க வேண்டும். நேரம் போதாவிட்டால் எந்தப் பயிற்சியை விடுவது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேச்சுப் பயிற்சியை மட்டும் வெட்டாதீர்கள். படிவத்தின் வண்ணம், அலங்காரம் எல்லாம் உங்கள் இஷ்டம்.

சந்தேகங்களைத் தனிச்செய்தியில் அனுப்பாமல் இங்கேயே கேளுங்கள். அதே சந்தேகம் இன்னும் நாலு பேருக்கு இருக்கும்.