மலை இறங்கும் காருக்கு எந்த சூப்பர்சார்ஜர்

சாட்ஸ்வர்த், டர்பன்
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜர் வேண்டும் என்று நீ கேட்ட மூன்றையும் கையால் தொட்டுச் சுற்றிப் பார்க்காமல் உனக்கு ஒரு வரியும் எழுதக்கூடாது என்று இருந்ததால்தான் இத்தனை நாள். வியாழக்கிழமை ஒரு தடவை, நேற்று ஒரு தடவை, இரண்டு முறை கிளேர்வுட்டில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் யார்டுக்குப் போய்வந்தேன். நாம் இருவரும் பதினாறு வயதில் கிரீஸ் துடைத்த பட்டறை இருந்த தெருவில் இப்போது லாரிகள்தான் வரிசையாக நிற்கின்றன. மூலை வீட்டு மாமரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் நலம். என் முட்டிவலி குறைந்திருக்கிறது. பேத்தி கோயில் தமிழ் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். ழகரம் சுத்தமாக வருகிறது, கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடி முடிந்தது என்று எழுதியிருந்தாய், மனது நிம்மதியானது.

அண்ணனுடைய கொரோலாவை நீ மறுபடி எழுப்பப்போகிறாய் என்று படித்தபோது கண் கலங்கிவிட்டது. அந்த 1982 வண்டியில்தான் அண்ணன் நம்மை பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஓட்டிக்கொண்டு போவார். அதனால் இதை வெறும் வண்டி வேலையாக நினைத்து நான் எழுதவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அதில் நீ போட்டிருப்பது 1.6 லிட்டர், 16 வால்வு டொயோட்டா எஞ்சின். நாலு ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) ஒரு சுற்றுச் சுற்றினால் அது குடிக்கும் காற்று 0.8 லிட்டர். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் யார்டுக்குள் போக வேண்டும். நீயோ ஜாகுவாரிலிருந்து கழற்றியதைப் பார்த்து மயங்கிவிட்டாய். பெரிது, கனமானது, விலையும் அடக்கம். யாருக்கும் ஆசை வரும். ஆனால் அது ஈட்டன் கம்பெனியின் எம்90. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் காற்றைத் தள்ளும். நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் ஜாகுவாருக்காக வைத்தது. உன் எஞ்சினுக்கு வெளிக்காற்றுக்கு மேல் அரை பார் அழுத்தம், அதாவது அரை பார் பூஸ்ட், போதும் என்றால், அதைக் கிராங்கைவிட மெதுவாகத்தான் சுற்றவைக்க வேண்டும். உள்ளே சுற்றும் ரோட்டருக்கும் வெளிக் கூட்டுக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளி எந்த வேகத்திலும் அதேதான். மெதுவாகச் சுற்றினால் தள்ளிய காற்றில் கணிசமான பங்கு அந்த இடைவெளி வழியாகவே திரும்பி ஓடிவிடும். சிக்னலில் நின்று கிளம்பும்போது உனக்குக் கிடைப்பது சூடான காற்றும் வெறும் பாரமும்தான். போதாததற்கு, மேலே மாட்ட வேண்டிய புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) கிராங்க் புல்லியைவிடப் பெரிதாகிவிடும், பானட் மூடாது. அதை மறந்துவிடு.

அடுத்தது மினி கூப்பர் எஸ் காரில் இருந்த எம்45. அதுவும் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு என்றே வந்தது, சுற்றுக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காகிதத்தில் பார்த்தால் உனக்கென்றே செய்ததுபோல் இருக்கும். நானும் வியாழக்கிழமை அதற்காகத்தான் ஓடினேன். அந்த மினியில் தண்ணீர் பம்ப்பை ஓட்டுவதே சூப்பர்சார்ஜரின் பின்பக்கத்துப் பல்சக்கரங்கள்தான். முன்னால் ஓர் எண்ணெய் அறை, பின்னால் ஓர் எண்ணெய் அறை. 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று சொல்லி மூடிவிடுவதால் யாரும் திறப்பதில்லை. பின் அறையில் உள்ள கொஞ்சம் எண்ணெய் சூட்டில் வற்றிப்போய்ப் பற்கள் தேயும். யார்டுக்காரரிடம் கேட்டுப் பின் மூடியைத் திறந்தேன். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் காப்பித்தூள் போல ஒரு கருஞ்சிவப்புப் பொடி. விரலில் தேய்த்தால் நெறுநெறுவென்றது. அந்த மினி 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று பிறகு அவரே சொன்னார், நேர்மையான மனிதர். அந்த வெள்ளத்தில் பிராஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலையே நீரில் நின்றது உனக்குத் தெரியும். அந்த மழையில் போன வண்டிகளின் பாகங்கள் இன்னும் நம் பக்கத்து யார்டுகளில் புழங்குகின்றன. வெளியே அலுமினியத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருப்பார்கள். உள்ளே பேரிங்கில் துரு.

கடைசியாகப் பார்த்ததுதான் மெர்சிடிஸ் சி230 கம்ப்ரசரிலிருந்து கழற்றியது, எம்62. சுற்றுக்கு ஒரு லிட்டர். எனக்கு மனது அதில்தான் நின்றது.

எப்படிப் பார்த்தேன் என்று விரிவாக எழுதுகிறேன், நாளைக்கு நீயே ஒன்றை வாங்கப் போனாலும் உதவும். முதலில் இரண்டு வாயையும் மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்தேன். மூன்று இதழ் ரோட்டர்கள் இரண்டு, கயிறு முறுக்கியதுபோல் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நிற்கும். அவை ஒன்றை ஒன்று தொடவே கூடாது. தொட்டிருந்தால் மேலே பூசிய பூச்சு உரிந்து வெள்ளி நிறத்தில் கோடு விழுந்திருக்கும். இதில் பூச்சு சாம்பல் நிறத்தில் சீராக இருக்கிறது. நுழைவாய்ப் பக்கம் மட்டும் நகக்கண் அளவு ஓர் இடத்தில் உரிந்திருக்கிறது, அதனால் கெடுதல் இல்லை. கூட்டின் சுவரில் கீறல் கிடையாது. பிறகு கையால் சுற்றினேன். எங்கேயும் பிடிக்காமல், எண்ணெயில் கரண்டி கிளறுவதுபோல் ஒரே சீராகச் சுற்றியது. காதை அதன் மூக்கில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்தால் 'டொக்' என்ற சத்தம் வந்தது. அது ரோட்டருக்கும் புல்லித் தண்டுக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு. தேய்ந்திருக்கிறது. ஐடிலில் டீசல் வண்டி போல் கடகடக்கும். மலிவான பொருள்தான், மாற்றிவிடலாம். ரோட்டரை விரலால் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. பேரிங் போயிருந்தால் நான் அங்கேயே கையைக் கழுவிக்கொண்டு வந்திருப்பேன்.

எண்ணெய் மூடியைத் திறந்தபோது அந்தப் பழைய நாற்றம் வந்தது. நம் பட்டறையில் அந்த ஒரு வண்டி வந்த அன்று உன் அம்மா உன்னைச் சட்டையோடு குளிக்க அனுப்பினாரே, அதே நாற்றம். எண்ணெய் கறுத்திருக்கிறது, ஆனால் உலோகத்தூள் இல்லை. காந்தத்தை விட்டு எடுத்துப் பார்த்தேன், சுத்தமாக வந்தது. நிரப்பும்போது சூப்பர்சார்ஜருக்கென்றே வரும் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், கியர்பாக்ஸ் எண்ணெய் வேண்டாம்.

இன்னொரு நல்ல காரியம், அந்தக் காலத்து மெர்சிடிஸ் புல்லியில் மின்காந்தக் கிளட்ச் உண்டு. வேண்டாதபோது ரோட்டர் சுற்றாமல் நிற்கும். ஏசி கம்ப்ரசர் போலவேதான். பாட்டரி வைத்துப் பார்த்தேன், டக்கென்று பிடித்தது.

இனி நான் உன்னிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது. 'லெனேசியாவில் பூஸ்ட் முள் 0.6 காட்ட வேண்டும், அதற்கு ஏற்ற சின்னப் புல்லி கடைந்துகொள்வேன்' என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். லெனேசியா இருக்கும் ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் 0.83 பார் அளவில்தான் இருக்கிறது, இங்கே ஒன்றுக்குச் சற்று மேலே. நீ மாட்டப்போவது டர்போ அல்ல. டர்போ எஞ்சினின் புகைக்காற்றில் சுற்றுவது, அதில் வேஸ்ட்கேட் என்ற வால்வு திறந்து மிச்சப் புகைக்காற்றை வெளியே விட்டுவிடும். இது பெல்ட்டில் கட்டிய சாமான், வெளியே இருக்கும் காற்றை எத்தனை மடங்காக்க வேண்டுமோ அத்தனை மடங்குதான் ஆக்கும். அங்கே 0.6 காட்ட வைத்தால் ஏறக்குறைய 1.7 மடங்கு. அதே புல்லியோடு வான் ரீனன் கணவாய் இறங்கி இங்கே வந்து சேர்ந்தால் முள் முக்கால் பாரை நெருங்கும். கடலோரத்துச் சூடு வேறு. உன் எஞ்சினின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் விகிதம்) 9.4, இவ்வளவு பூஸ்டுக்கு அது அதிகம். இதே எஞ்சினுக்கு டொயோட்டாவே சூப்பர்சார்ஜர் வைத்தபோது முதலில் கம்ப்ரஷனை 8க்கு இறக்கியது என்பதை நினைத்துப் பார்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. நான் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்த்த அந்த எட்டு மாதத்தில் ஒரு பையனின் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபுக்கு இப்படித்தான் அங்கே இருக்கும் முள்ளைப் பார்த்துப் புல்லி வைத்துக் கொடுத்தேன். வண்டி அங்கே பறந்தது. டிசம்பர் விடுமுறைக்கு அவன் இங்கே வந்தான். திரும்பும்போது பைன்டவுனுக்கு மேலே ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் மூன்றாவது பிஸ்டன் ஓட்டையானது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பிஸ்டன் என் பட்டறை ஜன்னலில் இருக்கிறது. விளிம்பு, வெயிலில் வைத்த வெல்லம்போல் உருகி இறங்கியிருக்கும். பழகவரும் பையன்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவேன்.

ஆகவே டர்பன் காற்றுக்குக் கணக்குப் போடு. இங்கே அரை பார், அங்கே தானாகவே 0.4. கிராங்க் புல்லி 125 மில்லிமீட்டர் என்றால் மேலே 100 போடு. எஞ்சின் 7,000 சுற்றும்போது எம்62 சுற்றுவது 8,750தான். 14,000 வரை சுற்றக்கூடிய சாமானுக்கு அது நடைப்பயிற்சி மாதிரி. அந்த 0.4ஐப் பார்த்துக் குறைச்சல் என்று நினைக்காதே. கடலோரத்தில் சூப்பர்சார்ஜர் இல்லாமல் இந்த எஞ்சின் குடிப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான அழுத்தத்தில் உன் எஞ்சின் லெனேசியாவில் காற்றுக் குடிக்கும். அண்ணன் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இன்டர்கூலர் (உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) இல்லாமல் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. இந்த வகை சூப்பர்சார்ஜர் காற்றை உள்ளே அழுத்துவதில்லை, அள்ளி அள்ளிக் கொட்டுகிறது; அழுத்தம் கொட்டிய இடத்தில்தான் உண்டாகிறது. அதனால் சூடு அதிகம். 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று அரை பாரில் 90 டிகிரியைத் தொட்டு வெளியே வரும். பானட்டுக்குள் இடமில்லை, ஆகவே தண்ணீரில் குளிர்விக்கும் சிறிய பெட்டி ஒன்றைப் பார். வேண்டாத காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வையும் யார்டிலேயே சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுகிறேன். அது இல்லாவிட்டால் ஆக்சிலேட்டரை விட்ட நேரத்திலும் காற்று உள்ளேயே சுற்றிச் சூடாகும்.

பெட்ரோலும் ஒரு விஷயம். உங்கள் பக்கம் 93 ஆக்டேன் கிடைக்கிறது என்று அதையே ஊற்றாதே. இந்த வண்டிக்கு எப்போதும் 95.

உனக்குப் பிடிக்கும் என்பதால் ஒன்று சொல்கிறேன். இந்த இயந்திரம் காருக்கென்று பிறந்ததே அல்ல. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பிறகு வெகுகாலம் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதியது இதுதான். அதே 1860இல், நவம்பர் 16ஆம் தேதி, மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்களின் முதல் கூட்டத்தை டர்பனில் இறக்கியது. நேற்று யார்டில் நின்றுகொண்டிருந்தபோது இந்த இரண்டு ஆண்டும் ஒன்று என்பது மனதில் பட்டது. வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

யார்டுக்காரரிடம் முன்பணம் கொடுத்து எம்62வை நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வரை வைத்திருப்பார். ரசீது கண்டிப்பாக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பழைய பொருள் விற்பவர்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. திருட்டு வண்டிப் பாகம் ஒன்று அண்ணன் காரில் ஏறக்கூடாது.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். எஞ்சினில் இன்லெட் மேனிஃபோல்டு (காற்றை உள்ளே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) உட்காரும் முகத்தில் அட்டையை வைத்து அழுத்தி, போல்ட் துளைகளோடு அச்சு வெட்டி அனுப்பு. கிராங்க் புல்லியின் குறுக்களவையும், அதன் முகத்திலிருந்து சிலிண்டர் பிளாக் வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் அட்டையிலேயே எழுதிவிடு. பெல்ட் ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் பிய்த்துக்கொண்டு போகும். சூப்பர்சார்ஜர் உட்காரும் தாங்கியை இங்கேயே நான் வெல்டு செய்து முடித்து, உன் பேரன் பள்ளி விடுமுறைக்கு வரும்போது அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பெரிய வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு அந்த வண்டியில்தான் வருவேன் என்று எழுதியிருக்கிறாய். வா. கேட்டுக்கு வெளியே கொடிக்கம்பத்துப் பக்கம் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன். கற்பூரத்தை முதலில் பானட்டுக்கு முன்னால் ஏற்றுவோம்.

அட்டை அச்சு புதன்கிழமைக்குள் கையில் கிடைத்தால் நல்லது.

உன் பழைய நண்பன்