செயின் லாக் தந்த அண்ணனுக்கும் பின்னால் நின்ற தம்பிக்கும்

போன சனிக்கிழமை இரவு நெடுஞ்சாலையோரம் செத்துப்போன வண்டியோடு நின்றுகொண்டிருந்த ஆள் எழுதுகிறேன். உங்கள் இருவரின் பெயரும் எனக்குத் தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வேலை பார்த்ததால் முகமும் பாதிதான் தெரியும்.

மேடு ஏறும்போது டப்பென்று ஒரு சத்தம். எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் செயின் செத்த பாம்பு மாதிரி சாலையில் கிடந்தது. அது சுருண்டு பின்சக்கரத்தில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கை நடுங்கியது. முக்கால் மணி நேரம் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருட்டில் கையாட்டும் ஆளைப் பார்த்து நிறுத்த நானும் யோசிப்பேன்.

அண்ணே, நீங்களும் தாண்டித்தான் போனீர்கள். அப்புறம் தூரத்தில் உங்கள் பிரேக் விளக்கு சிவந்தது. அந்தச் சிவப்பை மறக்க மாட்டேன்.

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தீர்கள். உள்ளே புது செயின் லாக், அதாவது செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் சின்ன இணைப்பு. முன்பக்க மூடியைக் கழற்றிச் செயினைக் கோத்து, இரண்டு முனைகளையும் பின் பல்சக்கரத்தின் மேல் அருகருகே உட்கார வைத்தீர்கள். பற்களே முனைகளைப் பிடித்துக்கொள்ள, லாக் சுலபமாக நுழைந்தது. இத்தனை வருடம் ஓட்டுகிறேன், நான் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துத் திண்டாடுவதுதான் வழக்கம்.

லாக் கழலாமல் பிடிக்கும் கிளிப்பைப் போடும்போது, அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், வாய்ப் பக்கம் பின்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும் என்று காட்டினீர்கள். "போன தடவை எவனோ திருப்பி மாட்டியிருக்கான்" என்றும் சொன்னீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த எவனோ நான்தான் அண்ணே.

தம்பி, உனக்குத்தான் தனியாகச் சொல்ல வேண்டும். "எனக்கு மெக்கானிக் வேலை ஒண்ணும் தெரியாதுண்ணே" என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டு, உன் வண்டியை எங்களுக்கு முப்பது நாற்பது அடி பின்னால் ஓரமாக நிறுத்தினாய். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, தார்ச்சாலையை விட்டு இறங்கி நின்று, வருகிற லாரிகளுக்கெல்லாம் செல்போன் வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டிருந்தாய். நாங்கள் இருவரும் சாலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தோம். ஒவ்வொரு லாரியும் உன்னைப் பார்த்துத்தான் விலகிப் போனது. கையில் கிரீஸ் படாததால் நீ ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாய். அப்படி இல்லை தம்பி.

பணம் நீட்டினேன், இருவருமே வாங்கவில்லை. சரி, நன்றியாவது ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் அதையும் முழுங்கிவிட்டேன். இப்போது சொல்கிறேன், மிக்க நன்றி.

என் சீட்டுக்கு அடியிலும் இப்போது இரண்டு செயின் லாக் கிடக்கிறது. கூடவே மஞ்சள் கைப்பிடி போட்ட ஒரு ஸ்க்ரூடிரைவரும். அண்ணே, அது உங்களுடையது. தேடிக்கொண்டிருக்காதீர்கள், பத்திரமாக இருக்கிறது.