காய்கறித் தோட்டத்தில் ஒரு சம்மதம்

ஐயா,

ஞாயிறு இணைப்பில் வந்த காதல் படங்கள் கட்டுரையில், 1983-இல் வெளியான ‘டெண்டர் மெர்சீஸ்’ என்ற அமெரிக்கப் படம் விடுபட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

குடியால் எல்லாவற்றையும் தொலைத்த ஒரு பாடகன், டெக்சாஸின் சாலையோர விடுதியில் வாடகைக்குக்கூடக் காசில்லாமல் நிற்கிறான். விடுதியை நடத்துபவள், வியட்நாம் போரில் கணவனை இழந்தவள். வேலை செய்து கடனைக் கழிக்கிறேன் என்கிறான். சரி, இங்கே குடிக்கக் கூடாது என்கிறாள். அப்புறம் ஒருநாள், தோட்ட வேலைக்கு நடுவே, என்னைக் கல்யாணம் செய்துகொள்வது பற்றி யோசிப்பாயா என்று கேட்கிறான். யோசிக்கிறேன் என்கிறாள். அவ்வளவுதான். திருமணத்தைக் காட்டவே இல்லை! நம் ஊர்ப் படமென்றால் அந்த இடத்தில் ஒரு டூயட் நிச்சயம்.

அவனும் அவள் மகனும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். திரும்பும் வழியில், ஏதாவது மாறினாற்போல் இருக்கிறதா என்று பையன் கேட்க, ‘இன்னும் இல்லை’ என்கிறான்.

பாடகனாக நடித்த ராபர்ட் டூவாலுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். பாடல்களையும் அவரேதான் பாடினார். ஆனால் எனக்குப் பிடித்தது வேறொன்று. முந்தைய மணத்தில் பிறந்த அவனுடைய மகள் விபத்தில் இறந்த பிறகு, தோட்டத்தில் மண்ணைக் கொத்தியபடி அவன் பேசும்போது, கேமரா முகத்துக்குக் கிட்டே போகாமல் தள்ளியே நிற்கிறது.

- ஒரு வாசகர், காரைக்குடி