சின்னவனின் ஏழாம் வாய்ப்பாடு

மச்சான்,

சின்னவன் எப்படி இருக்கிறான் என்று நீ கேட்டதற்குப் பதில் போடவில்லை என்று கோபப்படாதே. போனில் அரைகுறையாகச் சொன்னால் நீ கனடா முழுக்கத் தந்தி அடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அம்மா சுகம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, சிறுபோகம் விதைத்தாயிற்று. கட்டையன் இன்னும் அந்த ஐயாயிரத்தைத் தரவில்லை.

தலையில் அடிபட்டுக் கிடந்த சின்னவன் இப்போது நடக்கிறான். வலது கால் கொஞ்சம் இழுக்கிறது, ஆனாலும் யாரும் பிடிக்காமல் கிணற்றடி வரை போய் வருகிறான். உடனே ஊரெல்லாம் 'சுகம் வந்திட்டுது' என்ற கதை. 2009 யுத்தத்துக்குப் பிறகு, உடம்பில் ஷெல் துண்டோடு வயல் செய்கிறவர்களைக் கண்ட சனம் அல்லவா, எழும்பி நடந்தால் போதும் என்று நினைக்கிறது.

அடிபட்டது மூளையின் இடது பக்கம். அதனால்தான் வலது கையும் பேச்சும் விழுந்தன. நாங்கள் கதைப்பது அவனுக்கு விளங்குகிறது, சொல்தான் அகப்படுவதில்லை. கரண்டிக்கு மண்வெட்டி என்கிறான். பிழை என்று அவனுக்கே தெரிகிறது, அதுதான் கொடுமை. ஆனால் ஒன்று கேள். தன் பெயர் சொல்லத் திணறுகிறவன் ஏழாம் வாய்ப்பாட்டைத் தடக்காமல் ஒப்புவிக்கிறான்! தாடி வாத்தியாரிடம் அடி வாங்கி வாங்கிப் பாடமாக்கியது வீண் போகவில்லை. பாடமாக்கியதும் தேவாரமும் பலருக்கு இப்படி அழியாமல் தப்பிவிடுமாம், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை சொன்னாள். தேவாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது 'அம்மா, தண்ணி தா' என்பதை இழுத்து இழுத்துப் பாட வைக்கிறாள்.

அம்மாவோடுதான் பெரிய சண்டை. வலது கையால் அவனே சாப்பிட வேண்டும், சிந்தினாலும் பரவாயில்லை என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மனுசி நான் வயலுக்குப் போனதும் தீத்திவிடுகிறது. பாவிக்காத கை பின்னுக்குப் போகும் என்றால் 'பிள்ளை மெலியுது' என்று அழுகை. சுளகில் பயறையும் கௌப்பியையும் கலந்து வைத்து அவனைப் பிரிக்க விடுகிறேன். அரைவாசி கோழிக்குத்தான் போகிறது.

மச்சான், இதை யாருக்கும் சொல்லாதே. போன கிழமை மோட்டார் சைக்கிள் சாவி கேட்டான். வலிப்பு மருந்து எடுக்கிறவனுக்கு எப்படிக் கொடுப்பது? இல்லை என்றதும் கோப்பையை அம்மா மேல் எறிந்துவிட்டான். பேந்து அவள் காலடியில் இருந்து அழுதான். எங்கள் சின்னவன் எறும்பைக்கூட மிதிக்க மாட்டான், உனக்குத் தெரியும்தானே. மூளை அடிபட்டால் கோபத்துக்குக் கடிவாளம் போய்விடும், இது அவன் குணமில்லை என்று டொக்டர் சொன்னார். புத்தி ஏற்கிறது. இரவில் நித்திரைதான் வரமாட்டேன் என்கிறது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூட்டிப்போனோம். ஒலிபெருக்கியும் சனமும் சேர, காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டான். உடனே திரும்பிவிட்டோம். அவன் மூளை கெதியாகக் களைத்துப்போகிறது.

அதனால் உன்னிடம் ஒரு விஷயம். வீடியோவில் ஐந்து பேர் சேர்ந்து வந்து 'என்னைத் தெரியுதா, நான் ஆர் சொல்லு' என்று பரீட்சை வைக்க வேண்டாம். நீ மட்டும் வா. உன் பெயரை நீயே முதலில் சொல். ஒரு கேள்வி கேட்டால் அவன் முடிக்கும்வரை பொறு, இடையில் சொல்லை எடுத்துக் கொடுக்காதே. உனக்கு அது கஷ்டம்தான், வகுப்பில் மற்றவனுக்குக் கேட்ட கேள்விக்கும் நீதானே பதில் சொன்னாய்! முதல் ஆறு மாதம் கெதியாகத் தேறும், அதன் பிறகும் மெல்ல மெல்ல வருசக்கணக்கில் தேறலாம் என்கிறார்கள். ஆகவே அவசரம் இல்லை.

எங்களுக்குக் காலை நேரம் பார்த்து எடு. பின்னேரம் எடுத்தால் அவன் படுத்திருப்பான், அம்மா போனைப் பிடித்துக்கொண்டு உன் கலியாணக் கதையைத் தொடங்குவாள்.

உன்
மச்சான்