'கார்டு போச்சு' என்று சொல்லும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றுகிறது, கேபினெட்டுக்குள் விளக்குகள் எரிகின்றன, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைத் தனியாகப் போட்ட கம்ப்யூட்டரில் இப்படி ஆனால், 'கார்டு போச்சு' என்பதுதான் முதலில் காதில் விழும் பேச்சு. இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கார்டு உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. ஆனால் அது எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு வர வேண்டிய முடிவு. பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசிக்கு ஒரு ஸ்குரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும் என்பதால், வாசகர்களுக்காக இதை விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் கேபினெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மேலே யுஎஸ்பி, ஆடியோ துளைகளோடு சேர்ந்து இருக்கும் எச்டிஎம்ஐ துளை, எல்லா பாகங்களும் பொருந்தும் பலகையான மதர்போர்டுக்கு உரியது. அதற்குக் கீழே, தனித் தகட்டில் வரிசையாக இருப்பவைதான் கார்டின் துளைகள். மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் என்று பெயர் 'எஃப்' எழுத்தில் முடியும் இன்டெல் பிராசசர்களிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்ளே படம் தரும் கிராபிக்ஸ் பகுதி கிடையாது. அவற்றை வைத்துக்கொண்டு மதர்போர்டு துளையில் எத்தனை கேபிள் மாற்றினாலும் படம் வராது. உள்ளே கிராபிக்ஸ் இருக்கும் பிராசசரிலும், கார்டு போட்டதும் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு புரோகிராம்) தானாகவே மதர்போர்டின் துளையை அணைத்துவிடுவது வழக்கம். 'நேற்று வரை இதிலேதான் ஓடியது' என்பார்கள். நேற்று வரை கார்டு இல்லை, அதுதான் வித்தியாசம்.

கேபிள் சரியான இடத்தில் இருந்தும் திரை இருட்டாக இருந்தால், ஒரு நிமிடம் காத்திருந்து கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால், கம்ப்யூட்டர் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. படம் மட்டும் மானிட்டருக்குப் போய்ச் சேரவில்லை. மானிட்டரின் இன்புட் எச்டிஎம்ஐ 1-ல் இருக்கிறதா, 2-ல் இருக்கிறதா என்று பார்த்து, வேறு கேபிளும் போட்டுப் பார்த்தால் விஷயம் முடிந்துவிடலாம். விளக்கு அசையவே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் உள்ளே.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை மதர்போர்டே சொல்லும். சில ஆண்டுகளாக வரும் போர்டுகள் பலவற்றில், 24 பின் இணைப்புக்கு அருகில் நான்கு பொடி விளக்குகள் இருக்கும். பக்கத்திலேயே சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ, சோதனை அங்கேதான் நின்றுவிட்டது. விஜிஏ நின்றால் கார்டையோ அதன் மின் இணைப்பையோ பாருங்கள். டிராம் நின்றால் கார்டுக்கு இதில் வேலையே இல்லை, ராமை (தற்காலிக நினைவகத்தை) பாருங்கள். விளக்கு இல்லாத பழைய போர்டு என்றால், சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் குட்டி ஸ்பீக்கரை மாட்டி பீப் ஒலியைக் கேட்கலாம். ஆனால் பீப் கணக்கு போர்டுக்குப் போர்டு மாறும். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் பழைய அவார்டு பயாஸில் டிஸ்ப்ளே கோளாறு. ஆசூஸ் போர்டுகளில் அதே ஒலி ராம் இல்லை என்பதற்கானது, கார்டு இல்லை என்பதற்கு ஒரு நீளம், மூன்று குட்டை. போர்டோடு வந்த புத்தகத்தைப் பார்க்காமல் இதில் முடிவு சொல்லக் கூடாது.

அடுத்து மின்சாரம். தவறு அதிகமாக நடக்கும் இடம் இது. கார்டு உட்காரும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் இணைப்பு 150 வாட். ஜிடிஎக்ஸ் 1650 கார்டுகளில் சில ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடிவிடும். 170 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 3060 அப்படி ஓடாது. தனி இணைப்பு கொடுக்க மறந்தால் சில கார்டுகளில் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் இரையும், சிலவற்றில் இணைப்பின் ஓரம் சிவப்பு விளக்கு எரியும்.

கம்ப்யூட்டருக்குள் எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இரண்டு 8 பின் ஒயர்கள் வரும். நான்கும் நான்குமாகப் பிரிவது பிராசசருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு. இரண்டிலும் 12 வோல்ட் வரிசையும் கிரவுண்டு வரிசையும் இடம் மாறியிருக்கும். ஒன்று மற்றொன்றில் நுழையாதபடி பின்களின் வடிவத்தை மாற்றித்தான் செய்திருக்கிறார்கள். அமுக்கித் திணித்தால் ஷார்ட் ஆகும். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால், வேறு கம்பெனி ஒயரை அதில் மாட்டவே மாட்டாதீர்கள். கார்டு பக்கம் ஒன்றாக இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசை வேறாக இருக்கும். இன்னொன்று, ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா ஒயரிலிருந்து 8 பின் எடுக்கும் மாற்றி. சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். அதில் 150 வாட் இழுத்தால் முதலில் டிஸ்ப்ளே போகும், பிறகு பிளாஸ்டிக் உருகும் வாடை வரும்.

மின்சாரம் சரி என்றால், பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிடுங்கள். ஸ்லாட்டின் கோடியில் உள்ள கொக்கியை அழுத்தி கார்டைக் கழற்றுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்டு, பொன்முலாம் பூசிய பற்கள் மங்கிப்போவது சகஜம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, கொக்கி 'டக்' என்று விழும் வரை அழுத்துங்கள். ராமையும் இதேபோல். ஒரே ஒரு ராம் மட்டும் வைத்து, பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் அதுதான் சரியான இடம். டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் போடும் போர்டுகளில் ஓர் எச்சரிக்கை: ராம் மாற்றினாலோ பயாஸை அழித்தாலோ, முதல் முறை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுக்கும். டிராம் விளக்கு எரிய, திரை இருட்டாகவே இருக்கும். பயந்துபோய் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 ஏற்ற முயல்கிறார்கள். அதற்காக பயாஸில் 'சிஎஸ்எம்' என்ற அமைப்பை அணைக்கச் சொல்லி எங்கோ படித்து, அணைத்துச் சேமிக்கிறார்கள். அடுத்த முறை திரை வராது. ஜிடி 210 போன்ற பழைய கார்டுகளுக்குள் இருக்கும் புரோகிராம் பழைய பயாஸ் மொழி மட்டுமே அறிந்தது. சிஎஸ்எம் என்பது அதற்கான மொழிபெயர்ப்பாளர். அதை அணைத்துவிட்டால் கார்டுக்கும் போர்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கார்டுக்கு ஒரு குறையும் கிடையாது. பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றி, மதர்போர்டு துளையில் மானிட்டரை மாட்டி, சிஎஸ்எம்மை மறுபடி ஆன் செய்யலாம். இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். பழைய போர்டுகள் பலவற்றில் ஆரம்ப நிலையில் சிஎஸ்எம் ஆனில்தான் இருக்கும். டிஸ்க்கை விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியில் பூட்டியிருந்தால், பயாஸில் கை வைப்பதற்கு முன்பே 48 இலக்க மீட்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் வந்த பிறகு படம் வருகிறது, அதற்கு முன் இருட்டு என்றால் அது வேறு கதை. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளைப் டிஸ்ப்ளே போர்ட் (எச்டிஎம்ஐ போன்ற இன்னொரு வகை இணைப்பு) உள்ள புதிய மானிட்டர்களோடு இணைத்தால் இப்படி ஆகலாம் என்று ஒப்புக்கொண்டு, 2018-இல் கார்டைத் தயாரிக்கும் என்விடியாவே ஃபர்ம்வேர் (கார்டுக்குள் இருக்கும் புரோகிராம்) திருத்தம் வெளியிட்டது. எச்டிஎம்ஐயில் இணைத்து, அதை ஏற்றினால் சரியாகிவிடும். மலிவான டிஸ்ப்ளே போர்ட் கேபிளும் தொல்லை தரும். அதன் 20ஆவது பின் 3.3 வோல்ட்டுக்கானது. தரநிலைப்படி கேபிளுக்குள் அதை இணைக்கக் கூடாது. இணைத்துவிட்ட கேபிளில் மானிட்டரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, கம்ப்யூட்டர் தொடங்காமல் முரண்டு பிடிக்கும்.

பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: என்விடியா 2016-இல் கொண்டுவந்த ஜிடிஎக்ஸ் 1000 வரிசை முதல், விஜிஏவுக்குத் தேவையான அனலாக் சிக்னல் கிடையாது. டிவிஐ துளையில் தட்டையான பட்டைத் துவாரத்தைச் சுற்றி நான்கு பொட்டுத் துளைகள் இருந்தால்தான் சாதாரண விஜிஏ மாற்றி வேலை செய்யும். அவை இல்லையென்றால், உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர்தான் வாங்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டு கார்டு வாங்குவோருக்கு: 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தில் மைனிங் (கார்டுகளைக் கணக்குப் போட வைத்து நாணயம் ஈட்டுவது) நின்ற பிறகு, அதில் ஓடிய ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகள் நிறைய சந்தைக்கு வந்தன. மைனிங்குக்காக பயாஸ் மாற்றப்பட்ட கார்டு டிஸ்ப்ளே தராமல் இருக்கலாம். சில கார்டுகளின் மேல் விளிம்பில் குட்டி ஸ்விட்ச் ஒன்று இருக்கும். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு அதை மறுபக்கம் தள்ளினால் இரண்டாவது பயாஸில் ஓடும். பி106 போன்ற கார்டுகள் மைனிங்குக்கென்றே செய்தவை. மானிட்டர் மாட்டவே அவற்றில் துளை கிடையாது.

இவ்வளவும் செய்தும் வரவில்லை என்றால், கார்டை நன்றாக ஓடும் வேறொரு கம்ப்யூட்டரில், போதுமான எஸ்எம்பிஎஸ்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயும் வராவிட்டால்தான் கார்டு பழுது. அப்போதும் வீடியோவைப் பார்த்து கார்டை ஓவனில் வைக்காதீர்கள். ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் கெபாசிட்டர் கெடும், சமைக்கும் ஓவனில் நச்சுப் புகை படியும், கார்டு ஓடினாலும் சில வாரம்தான்.

கடைக்காரர்களிடம் இரண்டு வேண்டுகோள். கார்டு போட்ட கம்ப்யூட்டரை விற்கும்போது, மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளை மீது ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுங்கள். 'கார்டு பழுது' என்று திருப்பித் தரும்போது, எந்த போர்டில், எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டுப் பார்த்தீர்கள் என்பதை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணினி வன்பொருள் பழுதுநீக்குநர்கள்,
தூத்துக்குடி