காலாண்டு விடுமுறையும் மஞ்சள் காமாலையும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடியில் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள், அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. விடைத்தாள் விடுமுறைக்குப் பிறகு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்பில் சிலருக்கு மஞ்சள் காமாலை. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்று வந்திருக்கிறது. அசுத்தமான தண்ணீர், தின்பண்டம் வழியாகப் பரவி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் இது. உள்ளே போய் 15 முதல் 50 நாள் கழித்துத்தான் காய்ச்சல், வாந்தி, பசியின்மை என்று தலைகாட்டும். கண் மஞ்சளாகும் முன்பே மற்றவருக்குத் தொற்றிவிடும். அதனால் யாரால் வந்தது என்று எந்த வீட்டையும் குறை சொல்ல வேண்டாம். பள்ளித் தொட்டியைக் கழுவி குளோரின் போட்டாயிற்று. நீங்களும் வாசலில் ஐஸ் வாங்கக் காசு கொடுக்காமல், கொதித்து ஆறிய தண்ணீரைக் கொடுத்தனுப்புங்கள்.

காமாலைக்கு அரைத்துக் கொடுக்கும் கீழாநெல்லியைப் பற்றிச் சண்டை போட வரவில்லை. எங்கள் வீட்டிலும் அரைத்திருக்கிறார்கள். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் ஓய்விலேயே தானாகச் சரியாகிவிடும்; பெயர் மட்டும் மருந்துக்குப் போய்விடுகிறது! ஆனால் பித்தக்குழாய் அடைப்பு, ரத்த அணுக்கள் சிதைவது, ஹெபடைடிஸ் பி, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் காமாலை வரும். கண்ணைப் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபினையும் கல்லீரல் நொதிகளையும் பார்க்கும் ரத்தப் பரிசோதனைதான் முதலில். காய்ச்சல் மாத்திரைகூட மருத்துவரைக் கேட்டுத்தான்.

ஒரு பையன், காமாலை போகும் என்று கையில் சூடு போட்ட புண்ணோடு வந்தான். இதை மட்டும் பொறுத்துக்கொள்ள மாட்டேன். இனி இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தகவல் போகும், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. காமாலையை மறைத்து "வயிற்று வலி" என்று லீவு லெட்டர் எழுதுவதும் வேண்டாம்.

மஞ்சள் தெரிந்ததிலிருந்து குறைந்தது ஒரு வாரமாவது பிள்ளை வீட்டில் இருக்கட்டும். அப்புறமும் மருத்துவர் சரி என்ற பிறகு அனுப்புங்கள். வருகைப்பதிவை நினைத்துப் பதற வேண்டாம், விட்டுப்போன பாடத்தை ஆசிரியர்கள் நடத்திக் கொடுப்பார்கள். தூக்கக் கலக்கம், பிதற்றல், நிற்காத வாந்தி, ரத்தக் கசிவு இருந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மறைக்காமல் முதலில் வந்து சொன்ன அம்மாவுக்கும், தண்ணீர்த் தொட்டி கழுவ வந்த பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்